முன் சக்கரத்துக்கு மட்டும்

கடையில் சொன்ன விலை நானூற்று எண்பது.
என்னிடம் இருந்தது நூற்றைம்பது வெள்ளி,
சம்பளத்துக்கு இன்னும் பதினோரு நாள்.
இரண்டுக்கும் நடுவே
தண்ணீர்மலைப் பக்கமிருந்து ஏறும் ஜீப் பாதை
செங்குத்தாகக் கிடந்தது.

போன ஞாயிறு அதில் இறங்கும்போது
கம்பி பிரேக்கை முழுக்க இழுத்தேன்.
பிடி வந்து கைப்பிடியைத் தொட்டது,
சைக்கிள் நிற்கவில்லை.
மூன்றாவது வளைவில் தார் கருகும் வாசனை.
தார் இல்லை, என் பிரேக் கட்டை.
காலணியின் அடியைத் தேய்த்துத் தேய்த்து
கால்வாய் ஓரத்துப் பாசியில் போய் நின்றேன்.
ஒரு குரங்கு வேலை மெனக்கெட்டு இறங்கி வந்து
பார்த்துவிட்டுப் போனது.

அன்றிரவு ரசீதின் முதுகில் கணக்கு.
இரண்டையும் மாற்ற முடியாது.
இறக்கத்தில் உடம்பின் கனமெல்லாம்
முன்னால்தான் வந்து விழுகிறது.
ஆகவே முன் பிரேக்.
பின்னது பழையதே இருக்கட்டும்
முனகிக்கொண்டு.

ஜெலுத்தோங் மார்க்கெட்டுக்குப் பின்னால்
கியாட் ஹோ காரின் பின்கதவைத் திறந்தான்.
எண்ணெய் பிரேக், பழசு, எழுபது.
அறுபது என்றேன்.
இது பின்சக்கரத்துடையது, குழாய் நீளம்,
அதனால்தான் எழுபது,
இல்லையென்றால் நூறு என்றான் மலாயில்.
வெட்டிக் குறைக்கலாம்.
வெட்டினால் புது முனை, பன்னிரண்டு வெள்ளி.
வெட்டவில்லை.
இப்போது என் சைக்கிளின் முகத்துக்கு முன்னால்
ஒரு கறுப்பு வளையம் தொங்குகிறது,
தளர்ந்த மூக்கணாங்கயிறு போல்.

நூற்றெண்பது மில்லிமீட்டர் தட்டு, இருபத்தெட்டு.
பிரேக்கை அதற்கேற்பத் தூக்கி வைக்கும் இடைத்துண்டு, பதினைந்து.
உலோகக் கட்டை பதினெட்டு.
எண்ணெய்யை ஸுல்ஹில்மி தன் புட்டியிலிருந்து
குழந்தைக்கு மருந்து அளப்பதுபோல் அளந்து ஊற்றி
பத்து வெள்ளி வாங்கிக்கொண்டான்.
நட்சத்திரச் சாவி இரவல்.
ஊசிக்குழல் இலவசம்: பல் கிளினிக்கில் எனக்கு வேலை.
ஆக நூற்று நாற்பத்தொன்று.
மிச்சம் ஒன்பதில் இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக்.
சாப்பிட்டுவிட்டுத்தான் தொட்டேன்.

தினமும் செய்கிற காரியம்தான்.
குழலைச் சுண்டு, காற்றை வெளியேற்று,
அப்புறம்தான் மற்றதெல்லாம்.
அங்கே திறந்த வாய்கள் பயந்து பார்த்துக்கொண்டிருக்கும்.
இங்கே யாருக்கும் வலிக்காது என்ற தைரியத்தில்
திருப்புளிப் பிடியால் குழாயைத் தட்டினேன்.
குமிழி ஒன்று. இரண்டு.
அப்புறம் கடுகு வெடிப்பதுபோல் பொலபொலவென்று.
அப்படியும் பிடி பஞ்சாகத்தான் அமுங்கியது.
எங்கோ ஒன்று ஒளிந்திருக்கிறது.

அப்போது தம்பி கூப்பிட்டான்.
மோட்டார் சம்மன், இருநூறு, இந்த மாதம் மட்டும்.
எடுக்காமலே தெரியும்.
இரண்டு கையிலும் எண்ணெய்.
போன் சமையல் மேசையில் அதிர்ந்து நகர்ந்து
ஓரம் வரை வந்து
நின்றது.

நாசி லெமாக் பொட்டலத்து ரப்பரால்
பிடியை இறுகக் கட்டி
சைக்கிளைச் சுவரோடு நிமிர்த்திவிட்டுப் படுத்தேன்.
காலையில் பிடி கல்.

கட்டையும் தட்டும் ஒன்றுக்கொன்று பழக
இருபது தடவை ஓடி ஓடி நிற்க வேண்டுமாம்.
அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில்
ஓடினேன், நின்றேன், ஓடினேன்.
பத்து வரை ஆடு மாதிரி கத்தியது.
பதினாறில் காவலாளி வந்து கேட்டார்:
எதைத் தொலைத்துவிட்டீர்கள்?

இந்த ஞாயிறு, அதே இறக்கம்.
ஒரு விரல் போதும். சுட்டுவிரல்.
மூன்றாவது வளைவுக்கு முன்னாலேயே
தேவையே இல்லாமல் நிறுத்திப் பார்த்தேன்.
நின்றது.
நாலு அடி உருட்டி மறுபடி நிறுத்தினேன்.
குரங்கைக் காணோம்.
பின் பிரேக் மட்டும் முனகியது.
அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன்.
ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி
தம்பிக்கும் அதையே எழுதி அனுப்பினேன்.